கைத்தொழில் நகைக்கு விலை வகுக்கும் முறை

நகை என்னும் ஒரு சொல் நம் மொழியில் முறுவலையும் உணர்த்தும்; அணிகலனையும் உணர்த்தும். அணிகலன் பூண்டார் முகத்தில் முறுவல் தோன்றுதலை யாவரும் கண்டிருப்பர். அதனைத் தம் கையாற் செய்து விற்பார் முகத்திலும் அம்முறுவல் தோன்றுமோ எனின், அஃது அவர் இட்ட விலையைப் பொறுத்ததாகும். நகை செய்யும் வகையைக் கற்பிப்பார் பலர் உளர். அதற்கு விலையிடும் வகையைக் கற்பிப்பார் மிகச் சிலரே. ஆதலின், இத்தொழிலிற் புதிதாகப் புகுவார் தம் கைப்பொருளுக்கு எங்ஙனம் விலை வகுத்தல் வேண்டும் என்பதனை, எம்மூராகிய திருவண்ணாமலையில் யான் கண்டறிந்தவற்றைக்கொண்டு ஈண்டு எழுதத் துணிந்தேன். பொருளியல் வல்ல ஆசிரியர்கள் குற்றங் கண்டவிடத்துப் பொறுத்தருள்வார்களாக.

திருவண்ணாமலையில் நிறைமதி நாள்தோறும் மலையைச் சுற்றிவரும் வழியில் மக்கள் வெள்ளம்போற் பெருகுதல் அன்பர்கள் அறிந்ததே. அவ்வழி ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் இருமருங்கும் உருத்திராக்க மாலை, படிக மாலை, துளசி மாலை, பாசிமணி, வளையல் முதலியன விரிப்பிலும் தள்ளுவண்டியிலும் குவிந்துகிடக்கும். உருத்திராக்கம் பெரும்பாலும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருவது. பாசிமணி கோத்து விற்கும் நரிக்குறவ மக்கள் தலைமுறை தலைமுறையாகத் திருவிழாக்கள்தோறும் சென்று இத்தொழிலை நடத்திவருகின்றனர். செங்கம் சாலைப் பக்கத்திலோ, குளிர்காலத்தில் வெளிநாட்டினர் பலர் வந்து தங்குவதால், வேறுவகையான மாலைகளையும் பதக்கங்களையும் காணலாம். இவ்வாறு ஒரே ஊரில் 20 ரூபாய் மாலையும் 2,000 ரூபாய் மாலையும் அடுத்தடுத்து விற்கப்படுதலின், புதிதாகக் கடைவிரிப்பார்க்குத் தம் பொருளின் விலை யாது என்பதில் மயக்கமுண்டாதல் இயல்பே.

அம்மயக்கத்திற்கு எம் இல்லமே சான்றாயிற்று. என் தமக்கையார் பள்ளிப்படிப்போடு நின்றவர். அவர் 2024-ஆம் ஆண்டில் கண்ணாடிப் பாசிகளைக் கோத்துச் சுடுமண் பதக்கம் வைத்த கழுத்துமாலைகள் செய்யத் தொடங்கினார். மணிகளின் நிறங்களை இணைப்பதில் அவருக்குள்ள திறம் கண்டோர் மெச்சத்தக்கது. மாலை ஒன்றிற்கு 130 ரூபாய் கூறி, பேரம் பேசுவார்க்கு 120 ரூபாய்க்குக் கொடுத்தார். பாசியும் பதக்கமும் வாங்கிய செலவு 72 ரூபாய். ஆகவே மாலைதோறும் 48 ரூபாய் ஆதாயம் என்பது அவர் கணக்கு. திங்கள் ஒன்றிற்கு 40 மாலைகள் விற்றன. எனினும் திங்கள் முடிவில் அடுத்த முறை பாசி வாங்கப் பணம் போதவில்லை. விற்காத பொருளுக்காக வருந்துவார் உண்டு. விற்றபின்னும் வருந்தவேண்டிய நிலை ஏன் வந்தது என்பதே எங்களுக்கு விளங்கவில்லை. விடுமுறைக்குச் சென்ற யான் ஒரு கணக்கேட்டை எடுத்துக்கொண்டு அவர் அருகில் அமர்ந்தேன். பின்வருவன அவ்வேட்டிலிருந்து கற்ற பாடங்களே.

முதற்கண் பொற்கொல்லர் வழக்கை நோக்குவோம். பொன்னகை வாங்கச் சென்றார் எவரும் மூன்று சொற்களைக் கேட்டிருப்பர். பொன்னின் அன்றைய விலை ஒன்று, சேதாரம் ஒன்று, செய்கூலி ஒன்று. இவற்றின்மேல் அரசினர் வரி நூற்றுக்கு மூன்று சேரும். உருக்கும்போதும் அராவும்போதும் கழியும் பொன்னுக்கு ஈடு சேதாரம். கையின் உழைப்புக்கு ஈடு செய்கூலி. எத்துணைத் தெளிவான பகுப்பு இது! பொருளின் விலை வேறு, கழிவின் விலை வேறு, உழைப்பின் விலை வேறு என்பதனை நம் பட்டறைகள் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றன. பொன்னுக்கு வகுத்த இம்முறையைப் பாசிக்கும் கம்பிக்கும் சுடுமண்ணுக்கும் நாம் பொருத்துவதில்லை என்பதே வியப்பு. பொருள் மலிவானதாயின் உழைப்பும் மலிவானது என்று மயங்கிவிடுகின்றோம். 72 ரூபாயை மட்டும் செலவாக எழுதிய என் தமக்கையார் சேதாரத்தை மறந்தார். செய்கூலியை ஆதாயம் என்று பெயர் மாற்றி அழைத்தார்.

ஆகவே, ஒரு மாலையின் விலையை ஐந்து உறுப்புக்களாகப் பிரித்து ஆராய்தல் வேண்டும்.

முதலாவது மூலப்பொருள். பாசி, பதக்கம், கோக்கும் நரம்பு, கொக்கி, வளையம் ஆகிய யாவும் இதனுள் அடங்கும். ஒரு கொக்கி 2 ரூபாய்தானே என்று விட்டுவிடலாகாது. 40 மாலைக்கு அது 80 ரூபாயாகும். எங்கள் கணக்கில் பாசி 38 ரூபாய், பதக்கம் 20 ரூபாய், நரம்பும் கொக்கியும் வளையமும் 14 ரூபாய்; ஆக 72 ரூபாய்.

இரண்டாவது சேதாரம். கண்ணாடிப் பாசியிற் சில துளை அடைபட்டிருக்கும். சில நிறம் மாறியிருக்கும். பதக்கம் சில விரிசல் காணும். இருபதில் ஒரு பங்கு வீணாவதைக் கண்டோம். அதற்கு 4 ரூபாய் சேர்க்க, 76 ரூபாய் ஆயிற்று.

மூன்றாவது செய்கூலி. இதுவே கணக்கின் உயிர்நிலை. ஒரு மாலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று வினவியபோது, ஒரு மணி நேரம் என்று தமக்கையார் விடையிறுத்தார். கடிகாரத்தை எதிரில் வைத்துப் பார்த்தோம். நிறம் தேர்ந்தெடுத்தல், கோத்தல், தவறியதை அவிழ்த்து மீண்டும் கோத்தல், முடிச்சிடல், துடைத்து உறையிலிடல் ஆகிய யாவும் சேர்ந்து 90 நிமிடம் ஆயின. வீட்டுவேலைக்கிடையே செய்யும் தொழிலாதலின் அவர் நேரத்தை அவரே குறைத்து மதிப்பிட்டிருந்தார். இனி அந்நேரத்துக்குக் கூலி யாது? எங்களுக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. ஊரக வேலையுறுதித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25-ஆம் ஆண்டில் குறிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 40 ரூபாய் ஆகும். மண் வெட்டும் கைக்கு அரசினர் வகுத்த கூலியினும் மணி கோக்கும் கைக்குக் குறைந்த கூலி கொடுத்தல் முறையன்று என்று கொண்டு, 90 நிமிடத்துக்கு 60 ரூபாய் எழுதினோம். இப்போது 136 ரூபாய்.

நான்காவது பொதுச்செலவு. சென்னைப் பாரிமுனைக்குச் சென்று பாசி வாங்கிவரும் பேருந்துக் கட்டணம், உறையும் அட்டைப்பெட்டியும், குறடு தேய்தல், இரவில் எரியும் விளக்கு ஆகியன எந்த ஒரு மாலைக்கும் தனியே உரியன அல்ல. எல்லா மாலைக்கும் பொதுவானவை. திங்களுக்கு 480 ரூபாய் ஆயிற்று. 40 மாலைகளுக்குப் பங்கிட, மாலைக்கு 12 ரூபாய். மொத்தம் 148 ரூபாய்.

நிற்க. 120 ரூபாய்க்கு விற்ற மாலைக்கு 148 ரூபாய் அடக்கம் என்பது தெளிந்தவுடன் தமக்கையார் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. 120 ரூபாயிலிருந்து பொருளும் சேதாரமும் பொதுச்செலவுமாகிய 88 ரூபாயைக் கழித்தால் எஞ்சுவது 32 ரூபாய். ஒன்றரை மணி நேர உழைப்புக்கு அவர் பெற்றது அவ்வளவே. எட்டு மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 171 ரூபாய். மேற்கூறிய நாட்கூலியிற் பாதியினும் சிறிதே மிகுதி. அத்தொகையிலிருந்தே என் கல்லூரிச் செலவுக்கும் அவர் திங்கள்தோறும் ஒரு பகுதி அனுப்பிவந்தார். ஆதலின் அடுத்த முறைக்குப் பாசி வாங்கப் பணம் இல்லாது போனது வியப்பன்று. யான் வகுப்பில் அமர்ந்து இலக்கணம் கற்ற நேரத்துக்கு அவருடைய கூலியில்லாத நேரம் விலையாயிற்று என்பதனை அன்றுதான் உணர்ந்தேன்.

ஐந்தாவது உறுப்பு ஆதாயம். கூலியும் ஆதாயமும் ஒன்றல்ல. கூலி உண்பதற்கு; ஆதாயம் தொழில் நிலைப்பதற்கு. விற்காது தேங்கும் மாலை, மழையால் கெடும் திருவிழா, புதிய கருவி, புதிய நிறப் பாசி ஆகிய இவற்றையெல்லாம் தாங்குவது ஆதாயமே. 2024 டிசம்பர் முதல் நாள் பெருமழையால் எம்மூர் மலையடியில் மண்சரிவு நேர்ந்து, ஓர் இல்லம் புதையுண்டு, எழுவர் உயிர் இழந்தனர். அத்துயர்க்குமுன் வாணிக இழப்பைப் பேசுதலும் தகாது. ஆயினும் டிசம்பர் 13-ஆம் நாள் நிகழ்ந்த கார்த்திகைத் தீபத்தை நம்பிப் பொருள் சேர்த்துவைத்த சிறு வணிகர் பலர் அக்கிழமையில் கைகட்டி நின்றதும் உண்மை. கைவசம் ஆதாயம் சேர்த்துவையாதார் அத்தகைய காலத்தில் கடன்வாங்கித் தொழிலையே இழப்பர். அடக்கத்தின்மேல் நூற்றுக்கு 20 சேர்த்தால் 148 என்பது 178 ஆகும். ஆகவே 180 ரூபாயே அம்மாலைக்குத் தகுந்த விலை என்று முடிவாயிற்று.

இனி ஓர் ஐயம் எழும். 120 ரூபாய்க்கே பேரம் பேசியவர் 180 ரூபாய் கொடுப்பாரோ? நல்ல வினா. அடக்கக் கணக்கு விலையின் கீழெல்லையைக் காட்டும். மேலெல்லையைக் காட்டுவது சந்தை. கீழெல்லை மேலெல்லையைக் கடந்து நின்றால், அப்பொருளை அவ்விடத்தில் அவ்வாறு செய்து விற்றல் இயலாது என்பதே பொருள். அந்நிலையில் புதியவர் பெரும்பாலோர் தம் கூலியைக் குறைத்துக்கொள்வர். அது தவறு. மாற்றவேண்டுவன வேறு மூன்று உள.

செய்முறையை மாற்றலாம். ஒவ்வொரு மாலையாகச் செய்யாமல், பத்து மாலைக்கு உரிய பாசிகளை முன்னரே தேர்ந்து கிண்ணங்களில் இட்டுக்கொண்டு கோத்தபோது 90 நிமிடம் 65 நிமிடமாயிற்று. கூலி 43 ரூபாயாகவும், அடக்கம் 131 ரூபாயாகவும் இறங்கின. நூற்றுக்கு 20 சேர்த்தும் 157 ரூபாயே. மணிக்குரிய கூலி குறையாமலே விலை 160 ரூபாயாகியது.

பொருளை மாற்றலாம். இரவு முழுதும் நடந்துவரும் வழிப்போக்கர் சில்லறைக் காசே எடுப்பர். எஞ்சிய பாசியைக்கொண்டு செய்யும் சிறு காதணிக்குப் பொருள் 11 ரூபாய், கால்மணி நேரக் கூலி 10 ரூபாய், பொதுச்செலவு 3 ரூபாய், ஆக 24. அதனை 30 ரூபாய்க்கு மகிழ்ந்து வாங்குவர், செய்தவர்க்கும் குறைவில்லை.

வாங்குவாரை மாற்றலாம். வேலைப்பாடு மிக்க மாலையை அறிந்து வாங்குவார் நடைவழியில் அல்லர். கைவினைப் பொருட்காட்சியிலும், மகளிர் சுயஉதவிக் குழுக்களின் விற்பனை நிலையத்திலும், குளிர்காலத்தில் செங்கம் சாலைப் பக்கத்திலும் உளர். சிலப்பதிகாரத்தில் மாதவியின் மாலையை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் விலைகூறி விற்கச் சென்ற கூனி, அதனை எங்கு நின்று விற்றாள்? நகரச் செல்வர் திரியும் மறுகில் நின்று விற்றாள். விலையை மாற்றாமல், நிற்கும் இடத்தைத் தேர்ந்தாள். வாணிக நுட்பம் அறிந்தவள் என்றே கொள்ளவேண்டும்.

கடைக்காரரிடம் வைத்து விற்பார்க்கு ஒரு கணக்கு மிக இன்றியமையாதது. விற்ற தொகையில் நூற்றுக்கு 30 தமக்கு என்று ஒரு கடைக்காரர் கூறுவாராயின், 178 ரூபாயோடு அதன் நூற்றுக்கு 30 சேர்த்து 231 ரூபாய் என்று விலையெழுதுவார் பலர். அஃது ஏமாற்றம். கடைக்காரர் 231 ரூபாயில் நூற்றுக்கு 30, அதாவது 69 ரூபாய் எடுத்துக்கொள்வர். நமக்கு 162 ரூபாயே வரும். நமக்கு வரவேண்டிய தொகையை நூற்றில் எழுபதாகக் கொண்டு வகுத்தலே முறை. அவ்வாறு வகுத்தால் விலை ஏறக்குறைய 255 ரூபாய் ஆகும். மேலும், ஒரே மாலையைக் கடையில் 255 ரூபாய்க்கும் தெருவில் 160 ரூபாய்க்கும் விற்றால் கடைக்காரரும் சினப்பர், வாங்கினாரும் வருந்துவர். ஆகவே கடைக்கு ஒரு வகை, தெருவுக்கு ஒரு வகை என்று வேலைப்பாட்டைப் பிரித்துக்கொள்ளுதல் நன்று.

பேரம் பேசுதல் நம் நாட்டுச் சந்தையின் வழக்கம். அதனை வெறுத்துப் பயனில்லை. எனினும் இறங்கும் எல்லையை முன்னரே உறுதிசெய்துகொள்ளுதல் வேண்டும். அடக்கத்தை ஒரு சீட்டில் எழுதித் தம்மிடம் வைத்துக்கொள்வார் போணியாகாத காலையிலும் அதற்குக் கீழ் இறங்கமாட்டார். இதனோடு பிறர் வாழ்வும் தொடர்புடையது. கல்லூரி மாணவரும் இல்லத்தரசியரும் பொழுதுபோக்காகச் செய்த மாலையைப் பொருள் விலைக்கே விற்பாராயின், அதனையே பிழைப்பாகக் கொண்டு பக்கத்தில் விரிப்பிட்டிருக்கும் நரிக்குறவத் தாய்க்கு அன்று உலை கொதிக்காது. அம்மக்களைப் பழங்குடியினர் பட்டியலிற் சேர்க்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் வரையிற் காத்திருக்க நேர்ந்தது. அத்தகையோரின் கூலியை நம் விளையாட்டுக் கணக்கால் நாமும் குறைக்கலாமோ? தன் உழைப்பை மலிவாக விற்பவர் பிறர் உழைப்பையும் மலிவாக்குகின்றார்.

விலையை ஏற்றுதற்கும் ஓர் எல்லை உண்டு. அதுவே வாய்மை. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடெங்கும் கருங்காலி மாலை மோகம் பரவியபோது, சாயமேற்றிய வேறு மரமணிகளும் அப்பெயரால் விற்கப்பட்டன. பித்தளைக் கம்பியைப் பொன்முலாம் என்றும், வெள்ளை உலோகத்தை வெள்ளி என்றும் கூறிப் பெறும் விலை களவுக்கு ஒப்பாகும். சிலப்பதிகாரக் காலத்து மதுரைப் பொற்கடை வீதியில் நால்வகைப் பொன்னையும் பிரித்தறியக் கொடி எடுத்திருந்தனர் என்று அறிகின்றோம். இக்காலத்தில் அக்கொடியின் பணியைத் தரமுத்திரை செய்கின்றது. 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து, முத்திரைக்கு உட்பட்ட பொன்னகைகளை ஆறெழுத்து அடையாள எண்ணின்றி விற்றல் கூடாது என்று விதிக்கப்பட்டது. பாசி மாலைக்கு முத்திரை இல்லை. விற்பவர் சொல்லே முத்திரை. இன்ன பாசி, இன்ன கம்பி, நீர் பட்டால் இன்னவாறு ஆகும் என்று ஒரு சிறு சீட்டில் எழுதி இணைத்தால், வாங்குவார் விலையைப்பற்றி ஐயுறுதல் குறையும்.

இவ்வளவும் எழுதியபின் கோவலன் நினைவு வருகின்றது. அவன் மதுரையிற் சிலம்பு விற்கச் சென்றபோது, அரசன் தேவிக்கு ஏற்ற அக்காலணிக்கு விலை மதிக்க வல்லையோ என்று எதிர்ப்பட்ட பொற்கொல்லனையே வினவினான். விலையறியும் பொறுப்பை முன்பின் அறியாதான் ஒருவன் கையில் ஒப்புவித்தான். ஊழ்வினை ஒருபுறம் நிற்க, வாணிகர் குடியிற் பிறந்தவன் அங்ஙனம் செய்தது இரங்கத்தக்கதே. தன் கைப்பொருளின் விலையைத் தான் அறியாதவன் பிறர் சொல்லும் விலைக்கு ஆட்படுவான்.

உழைப்பின் ஒரு மணி நேரத்துக்கு உண்மையான விலை யாது என்பது சிறு வினா அன்று. ஜான் ரஸ்கின் என்னும் ஆங்கில அறிஞர் 1860-இல் இதுபற்றி எழுதிய கட்டுரைகள் 1862-இல் நூலாயின. அந்நூலின் பெயர், திராட்சத் தோட்டத்துக் கூலியாட்களைப் பற்றிய சுவிசேஷ உவமையிலிருந்து எடுக்கப்பட்டது. 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குச் செல்லும் புகைவண்டியில் காந்தியடிகள் அதனைப் படித்து, தம் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார். 1908-இல் சர்வோதயம் என்னும் பெயரால் அதன் கருத்தைக் குஜராத்தி மொழியில் வெளியிட்டார். அப்பெரியோர் ஆராய்ந்த அவ்வினாவே, ஒரு பாசி மாலையை விலைகூறும் எளிய பெண்ணின் முன்னும் நிற்கின்றது.

என் தமக்கையார் இப்போது 160 ரூபாய்க்கு மாலை விற்கின்றார். முன்போல் 40 விற்பதில்லை. 30 அளவே விற்கின்றன. ஆயினும் கூலி கைக்கு வருகின்றது. அடுத்த பாசிக்கும் பணம் இருக்கின்றது. மிஞ்சிய நேரத்தில் புதிய வேலைப்பாடு கற்கின்றார். கணக்கேட்டின் முதல் பக்கத்தில் செய்கூலி என்று பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கின்றார்.

மாணவ நண்பர்களே! நும் இல்லத்திலும் தையலோ, பின்னலோ, மாலையோ செய்து விற்கும் தாயாரோ தமக்கையாரோ இருத்தல் கூடும். அடுத்த விடுமுறையில் ஒரு கடிகாரமும் ஒரு கணக்கேடும் கொண்டு அவர் அருகில் ஒரு நாள் அமருங்கள். நாம் கற்ற கூட்டலும் வகுத்தலும் நம்மைக் கற்பித்தவர் கைக்கு உரிய கூலியை எடுத்துக்காட்டுமாயின், அக்கல்வி பயனுடைய கல்வியே ஆகும்.